முந்திக்கொண்ட துடிப்பு

ஹோல்டர் மாட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "குளிச்சிட்டுத்தானே வந்தீங்க?" என்பதுதான். மறுநாள் இதே நேரம் வரை நெஞ்சில் தண்ணீர் படக்கூடாது. பெண்கள் முகம் சுளிப்பார்கள். ஆண்கள் "ஒரு நாள்தானே சிஸ்டர்" என்பார்கள். பிறகு முடி இருந்தால் மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தோல் லேசாகச் சிவக்கும் வரை தேய்த்து, எலக்ட்ரோடு ஸ்டிக்கர்களை ஒட்டி, லீட் ஒயர்களை மாட்டி, ஒயர் இழுபடாமல் ஒரு சுற்று விட்டு மேலே மைக்ரோபோர் டேப் போடுவேன். ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும், உள்ளங்கையில் அடங்கும் அந்த ஹோல்டர் கருவியைப் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டால் முடிந்தது. மதுரையில் சித்திரை மாதம் இந்த வேலை பெரும்பாடு. வியர்வையில் ஸ்டிக்கர் வழுக்கும். கூடுதலாக நாலு ஸ்டிக்கரைக் கையில் கொடுத்து, கழன்றால் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று வீட்டுக்காரரிடமோ மகளிடமோ காட்டி அனுப்புவேன்.

இதய மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது ஈ.சி.ஜி.யும் டிரெட்மில்லும்தான் என் பொறுப்பு. ஹோல்டர் பிறகு வந்து சேர்ந்தது. இன்று என் வேலை நேரத்தில் பாதி அதற்கே போகிறது. மாட்ட வருகிறவர்களில் பெரும்பாலோரின் புகார் ஒன்றுதான், சொல்கிற விதம்தான் ஆளுக்கு ஆள் மாறும். "பக்குனு நின்னு, அப்புறம் தடால்னு ஒண்ணு அடிக்குது" என்பார் ஒருவர். "தொண்டைக்குள்ள ஏதோ உருளுது" என்பார் இன்னொருவர். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த பெரியம்மா ஒருத்தர், "தாயி, உள்ள ஒரு கெளுத்தி மீனு துள்ளிட்டு அடங்குது" என்றார். படித்தவர்கள் "பீட் மிஸ் ஆகுது" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். அவர்கள் கையில் இரண்டு மூன்று ஈ.சி.ஜி. தாள்கள் இருக்கும். எல்லாவற்றிலும் 'நார்மல்' என்று எழுதியிருக்கும். சாதாரண ஈ.சி.ஜி. எடுக்கும் பதிவு 10 விநாடிதான். அந்தப் பத்து விநாடிக்குள் வந்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று இதயத்துக்கு என்ன கட்டாயம்?

நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கருக்கும் இந்தக் கேள்விதான் இருந்திருக்கிறது. மொன்டானா மாநிலத்தின் ஹெலனா ஊர்க்காரர் அவர். மருத்துவர் இல்லை, இயற்பியல் படித்தவர். ஆள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே இதயத்தைப் பதிவு செய்ய 1940-களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவி ஏறத்தாழ 38 கிலோ. முதுகில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். பையில் அடங்கும் அளவுக்குக் குறைத்து 1961-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார். "இது கழுத்த இழுக்குதும்மா" என்று யாராவது புலம்பினால் இந்தக் கதையைச் சொல்வேன். பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள்.

கருவியோடு ஒரு தாளும் கொடுக்கிறோம். டைரி என்று அதற்குப் பெயர். மூன்று கட்டங்கள்: நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள். இந்தத் தாளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் இதயம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நிமிடத்துக்கு 70 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. மேல் அறையில் இருக்கும் சைனஸ் கணு தாளம் தட்ட, அந்த மின்சாரம் கீழே இறங்கி இதயம் சுருங்குகிறது. இடையில் வேறெங்கோ இருக்கும் சில செல்கள் தங்கள் முறை வருவதற்கு முன்பே தாங்களாக ஒரு தட்டுத் தட்டிவிடும். அதுதான் எக்டோபிக். மேல் அறையிலிருந்து வந்தால் ஏ.பி.சி., கீழ் அறையிலிருந்து வந்தால் வி.பி.சி. கீழறைத் துடிப்பு மானிட்டரில் அகலமாக, அவலட்சணமாக, வரிசையை முறித்துக்கொண்டு தெரியும். முதன்முறை பார்க்கிற யாருக்கும் பகீரென்றிருக்கும்.

நோயாளிகள் நினைப்பதுபோல் அங்கே எந்தத் துடிப்பும் விட்டுப்போகவில்லை, ஒன்று முந்திக்கொண்டது. இதயம் ரத்தத்தால் நிரம்புவதற்குள் சுருங்கியதால் அந்தத் துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைவு. சில நேரம் மணிக்கட்டில் நாடியாகக்கூட எட்டாது. அதன்பின் வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் நன்றாக நிரம்பிவிடுவதால் அடுத்த துடிப்பு பலமாக அடிக்கிறது. 'நின்னு போச்சு' என்று நாம் மிரளுவது அந்த இடைவெளியைப் பார்த்து. 'தடால்' என்று உணர்வது அடுத்து வரும் ஒழுங்கான, ஆரோக்கியமான துடிப்பை. தப்பு செய்த துடிப்பை அனேகமாக யாரும் உணர்வதே இல்லை.

மறுநாள் கருவியைக் கழற்றி, பதிவைக் கம்ப்யூட்டரில் இறக்கினால் மென்பொருள் எண்ணிக் கொடுக்கும். அதை அப்படியே நம்பி ரிப்போர்ட் அடிக்க முடியாது. ஒயர் ஆடினால் விழும் கிறுக்கலை அது கீழறைத் துடிப்பு என்று எண்ணும். காலை ஆறேகாலுக்கு வி.டி., அதாவது கீழறை ஓட்டம், உயிருக்கே ஆபத்தான வகை என்று சிவப்பில் காட்டும். டைரியைப் பார்த்தால் 'பல் தேய்த்தேன்' என்றிருக்கும். பிரஷ் ஆடும் வேகமும் கீழறை ஓட்டத்தின் வேகமும் ஏறத்தாழ ஒன்று. உற்றுப் பார்த்தால் கிறுக்கலுக்கு நடுவே இயல்பான துடிப்புகள் தங்கள் பாட்டுக்கு நடைபோட்டுக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து நீக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பதிவைப் புரட்டும்போது நோயாளி எதிரே உட்கார்ந்திருந்தால் அவர் திரையைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். ரிசல்ட் சொல்வது என் வேலை இல்லை, டாக்டர்தான் சொல்ல வேண்டும். எனவே எதைக் கண்டாலும் ஒரே முகம் என்று பழகிக்கொண்டேன். வீட்டிலும் அந்த முகம் வந்துவிடுகிறது என்று என் கணவர் சொல்வதுண்டு.

டைரிக்கு வருகிறேன். டைரியையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் சலிக்காத பகுதி. ஒரு பள்ளி ஆசிரியை தாளின் இரு பக்கமும் எழுதி, போதாமல் நோட்டுத் தாளும் இணைத்திருந்தார். 'இரவு 11.40: மூன்று முறை நின்றது. 11.52: பயங்கரம். 12.15: செத்துவிடுவேன் போலிருந்தது.' அந்த 12.15-க்குப் பதிவைத் திறந்தால் சைனஸ் தாளம், நிமிடத்துக்கு 108. வேகமாக இருந்ததே தவிர, ஒரு எக்டோபிக்கும் இல்லை. அவருக்கு வி.பி.சி. இருந்தது உண்மை. மாலை ஏழரையிலிருந்து எட்டு வரை, இரண்டு இயல்பான துடிப்புக்கு ஒன்று என்று வரிசையாக. அந்த அரை மணி நேரத்துக்கு டைரியில் எழுதியிருந்தது: 'சீரியல் பார்த்தேன். நார்மல்.'

இதற்கு நேர்மாறாக ஒரு லாரி டிரைவர். வேறொரு ஆபரேஷனுக்கு முன்பரிசோதனையில் நாடி சரியில்லை என்று அனுப்பியிருந்தார்கள். அவர் துடிப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கீழறை எக்டோபிக். டைரி வெற்றுத்தாள். "ஒண்ணும் தெரியலையா அண்ணே?" என்று கேட்டேன். "என்னம்மா தெரியணும்?" என்று திருப்பிக் கேட்டார்.

இப்படிப் பல டைரிகளைப் பார்த்தபிறகு ஒன்று எனக்கு உறுதியாயிற்று. எக்டோபிக் ஒரு நோய்க்குறி, அதன் மீதான பயம் தனியாக இன்னொன்று. இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்குக் கேட்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'பயம்தான், வேறொன்றுமில்லை' என்று பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுவது அயோக்கியத்தனம், அதுவும் பெண்களிடம் அப்படிச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் டாக்டர் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். எப்போதாவது மயங்கி விழுந்தீர்களா? ஓடும்போதோ மாடி ஏறும்போதோ அதிகமாகிறதா? நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உண்டா? வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா? முன்பு மாரடைப்பு வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் கதை வேறு. இல்லையென்றால் ஈ.சி.ஜி., எக்கோ என்ற இதய ஸ்கேன், ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம். தேவைப்பட்டால் டிரெட்மில். டிரெட்மில்லில் நான் நேரில் பார்ப்பது இது: ஏறும்போது அங்கங்கே எக்டோபிக் வரும், வேகம் கூடக்கூட அவை காணாமல் போகும், இறங்கி உட்கார்ந்ததும் மறுபடி எட்டிப் பார்க்கும். அப்படி மறைந்தால் டாக்டரின் தோள்கள் தளரும். வேகத்தோடு அவையும் கூடினால் நிறுத்தும் பட்டனில் என் விரல் போய்விடும்.

எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. மொத்தத் துடிப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் கீழறை எக்டோபிக் என்றால், காலப்போக்கில் இதயத் தசை தளர வாய்ப்பு இருப்பதால் எக்கோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். அந்த லாரி டிரைவர் இப்போதும் வருடாவருடம் எக்கோவுக்கு வருகிறார். தசை தளர ஆரம்பித்தால் மாத்திரையோ, மெல்லிய குழாய் செலுத்தி அந்த இடத்தைச் சுட்டுவிடும் அப்லேஷனோ உண்டு. ஆனால் பயந்துபோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. ஒரு லட்சத்தில் ஆயிரம் என்றால் கேட்கத்தான் பெரிது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு ஹோல்டர் மாட்டினாலும் கணிசமான பேருக்கு இது தென்படும். 1985-ல் அமெரிக்காவில் கென்னடி என்ற மருத்துவரின் குழு, நிறைய கீழறை எக்டோபிக் இருந்தும் இதயம் நன்றாக இருந்த 73 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. அவர்களின் ஆயுள் மற்றவர்களைவிடக் குறைவாக இல்லை.

"அப்ப இதை நிறுத்த ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்களேன்" என்பார்கள் என்னிடம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு எக்டோபிக் இருந்தால் திடீர் மரணம் அதிகம் என்பது 1980-களில் தெரிந்திருந்தது. அப்படியானால் எக்டோபிக்கை அடக்கினால் மரணம் குறையும் என்று எல்லோரும் நினைத்தார்கள். என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு என்ற மருந்துகள் அதைப் பிரமாதமாக அடக்கின. ஹோல்டர் ரிப்போர்ட் துடைத்துவிட்டாற்போல் வந்தது. உண்மையிலேயே பலன் உண்டா என்று பார்க்க 'காஸ்ட்' என்ற பெரிய ஆய்வு நடத்தினார்கள். 1989-ல் அதில் இந்த இரு மருந்துகளுக்கான பகுதியைப் பாதியிலேயே நிறுத்தவேண்டி வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேல். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது, ஆள்தான் இல்லை. அதன்பிறகு, இதயம் நன்றாக இருக்கும்போது எண்ணிக்கையைக் குறைப்பதற்காக மட்டும் பலமான மருந்து கொடுக்க நல்ல மருத்துவர் எவரும் தயங்குவார். தாங்க முடியாதவர்களுக்குக் குறைந்த அளவில் பீட்டா பிளாக்கர் எழுதுவதோடு சரி.

மருந்து இல்லை என்றால் மிச்சம் இருப்பது அன்றாட வாழ்க்கை. "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று படிவத்தில் எழுதிக்கொள்வது என் பொறுப்பு. பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். தைராய்டு மாத்திரையின் அளவு கூடியிருக்கும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரைக் கணக்கில்லாமல் அழுத்திக்கொண்டிருப்பார். சளிக்கென்று கடையில் வாங்கிய, மூக்கடைப்பை நீக்கும் மருந்து கலந்த மாத்திரை இருக்கும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கும். கேஸ் மாத்திரையை மறந்துவிடக் கூடாது. நம் ஊரில் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பேன்டோபிரசோல் போடாதவர் வீட்டுக்கு ஒருவராவது தேறுவாரா தெரியவில்லை. வருடக்கணக்கில் அதைத் தொடர்ந்தால் சிலருக்கு மெக்னீசியம் இறங்கிவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்தது. "அது வெறும் கேஸ் மாத்திரைதானே" என்று சொல்லி, கேட்டால் ஒழிய யாரும் அதைக் குறிப்பிடுவதில்லை.

அதிமதுரம் இன்னொன்று. தொண்டைக்கு நல்லது என்று மேடைப் பாடகர் ஒருவர் நாளெல்லாம் வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். அளவோடு எப்போதாவது என்றால் பரவாயில்லை. நாள்தோறும் அதிகமாகச் சேர்ந்தால் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றி ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அவருக்குப் பொட்டாசியம் குறைவு என்று வந்தபோது டாக்டர் மருந்துப் பட்டியலில் காரணம் தேடிக்கொண்டிருந்தார். காரணம் பாடகரின் சட்டைப்பையில் இருந்தது.

காபியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2023-ல் வெளியான ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தது. சான் பிரான்சிஸ்கோவில் 100 பேர், இரண்டு வாரம். ஒவ்வொரு நாளும் 'இன்று காபி குடி' அல்லது 'இன்று குடிக்காதே' என்று செல்போனுக்குச் செய்தி வரும். மேலறை எக்டோபிக் காபியால் கூடவில்லை. கீழறை எக்டோபிக் குடிக்காத நாளில் 102, குடித்த நாளில் 154. காபி நாளில் ஏறத்தாழ ஆயிரம் காலடி அதிகம் நடந்தார்கள், அரை மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகத் தூக்கத்தை இழந்தார்கள். 102-க்கும் 154-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு லட்சத்தில் 52. அதற்காகக் காலை டிகாஷனைத் தியாகம் செய்ய வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். மாலை நாலு மணிக்குமேல் வேண்டாம் என்று மட்டும் நான் சொல்வேன், தூக்கத்துக்காக. ஜிம்முக்குப் போகும் பையன்கள் உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் பொடி வேறு விஷயம். பல காபி ஒரே மூச்சில் இறங்குவதற்குச் சமம் அது. டப்பாவை எடுத்து வரச் சொல்லி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவர்களையே படிக்க வைப்பேன்.

குடி, ராத்திரி விழிப்பு, வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பது, வாந்திபேதிக்குப் பிறகு வரும் நீர்ச்சத்துக் குறைவு, காய்ச்சல். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், அது நிற்கப்போகும் வயதிலும் பலருக்குக் கூடும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருவதால் ஒவ்வொரு துடிப்பும் காதில் கேட்கிற மாதிரி இருக்கும். வலது பக்கம் திரும்பிப் படுத்தாலே பாதிப் பேருக்கு நிம்மதி. இதைச் சொல்ல டாக்டருக்கு நேரம் இருப்பதில்லை, எனக்கு இருக்கிறது.

சத்து மாத்திரைகளைப் பையோடு கொண்டு வருவார்கள். மெக்னீசியம், மீன் எண்ணெய், கோ-கியூ 10, டாரின், மருதம்பட்டைப் பொடி, அமெரிக்காவிலிருக்கும் மகன் அனுப்பிய பெயர் வாசிக்க முடியாத டப்பாக்கள். மெக்னீசியம் பற்றி இரண்டு ஆய்வுகளை எங்கள் டாக்டர் அடிக்கடி சொல்வார். 1997-ல் ஜெர்மனியில், எக்டோபிக் அதிகம் உள்ளவர்களுக்கு மெக்னீசியமும் பொட்டாசியமும் சேர்த்துக் கொடுத்தார்கள். எண்ணிக்கை ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்தது, ஆனால் நோயாளிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2012-ல் பிரேசிலில் ஒரு சின்ன ஆய்வில் மெக்னீசியம் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் தொந்தரவு நன்றாகக் குறைந்தது என்றார்கள். டைரியும் பதிவும் தனித்தனியாகப் போவதைத்தான் அந்த ஜெர்மன் ஆய்விலும் பார்க்கிறேன்.

குறைவு இருந்தால் நிரப்புவது வைத்தியம். குறைவு இல்லாதபோது சாப்பிட்டால் கிட்னி நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கெடுதல் இல்லை, வயிறு கொஞ்சம் இளகும். அதிகமாகச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கே வந்துவிட்டால், அதில் பொட்டாசியம் போய் எக்டோபிக் கூடும். இதையும் பார்த்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை மெக்னீசியம் விஷயத்தில் முழு உண்மையைச் சொல்லாது. உடம்பில் உள்ளதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் ரத்தத்தில் ஓடுகிறது, மிச்சம் எலும்பிலும் தசையிலும். அதனால் சில மருத்துவர்கள் ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வதுண்டு. கிட்னி பழுதுபட்டவர்களுக்கு மட்டும் மெக்னீசியம், பொட்டாசியம் இரண்டுமே விஷப்பரீட்சை. அவர்களுக்கு இளநீர்கூட யோசித்துத்தான். மற்றவர்களுக்குக் கேழ்வரகு, கம்பு, எள்ளுருண்டை, நிலக்கடலை, முருங்கைக்கீரை என்று நம் அடுப்படியிலேயே மெக்னீசியம் உண்டு. மீன் எண்ணெய் மாத்திரை இதயத்துக்கு நல்லது என்று நம்பிச் சாப்பிடுகிறார்கள். அதிக அளவில் எடுத்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற வேறொரு தாளக்கோளாறு வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகச் சமீபத்திய பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீன் குழம்புக்கு அந்தக் குற்றச்சாட்டு இல்லை. மருதம்பட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று எங்கள் டாக்டர் சொல்வதில்லை, "சாப்பிடுறதை மறைக்காதீங்க" என்று மட்டும் சொல்வார்.

எனக்கும் எக்டோபிக் வந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு, மாதவிடாய் தாறுமாறாக ஆன காலத்தில். ஒரு இரவு படுத்திருந்தபோது பக்கென்று ஒன்று, பிறகு இன்னொன்று. எத்தனையோ ஆயிரம் ஈ.சி.ஜி. பட்டைகளைப் பார்த்த எனக்கு அது என்ன என்று அந்த நொடியே தெரியும். தெரிந்து என்ன பயன்? கை தானாக நாடிக்குப் போயிற்று. எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். பிள்ளைகளை நினைத்தேன். படிப்பறிவு மூளையின் ஒரு மூலையில் உட்கார்ந்து "வி.பி.சி.தான், பயப்படாதே" என்றது. உடம்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் டியூட்டியில் நானே லீட் மாட்டிக்கொண்டேன். அகலமான ஒன்று, இடைவெளி, பலமான ஒன்று. பாடப் புத்தகத்தில் போடலாம்.

எக்கோ நன்றாக இருந்தது. ஹீமோகுளோபின்தான் குறைவு, எட்டரை. மாதம்தோறும் ரத்தம் அவ்வளவு போய்க்கொண்டிருந்ததை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கவில்லை. மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை சில மாதம் தொடர்ந்து சாப்பிட்டேன். என் விஷயத்தில் வேலை செய்த சத்து மாத்திரை அதுதான். அரிதானதும் இல்லை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுப்பார்கள். எட்டு மணிக்குள் இரவுச் சாப்பாடு, சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. நடக்கும்போது எக்டோபிக் மறைவதை டிரெட்மில்லில் பிறரிடம் பார்த்திருந்ததால் நடக்கப் பயம் இருக்கவில்லை. பலர் இந்த இடத்தில்தான் முடங்கிவிடுகிறார்கள்.

குறைந்தது, முழுக்கப் போகவில்லை. இப்போதும் தூக்கம் கெட்ட வாரங்களில் வரும். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவேன். மூச்சு விடும்போது துடிப்புகளுக்கு இடையிலான தூரம் கூடுவதைப் பட்டையில் தினமும் பார்க்கிறவள் நான். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. எக்டோபிக் இதனால் நிற்கும் என்று யாருக்கும் உத்தரவாதம் தர மாட்டேன். நெஞ்சு படபடக்கும் வேகம் குறையும், அவ்வளவுதான். பயத்தில் அட்ரினலின் ஊற, அட்ரினலின் இன்னும் நாலு எக்டோபிக்கைத் தட்டிவிட, அதற்கும் பயந்து என்று சுற்றிவரும் சக்கரத்துக்கு அங்கே ஒரு கட்டை கிடைக்கிறது.

நாடி பிடித்துப் பார்ப்பதை விட்டதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இன்று அதைவிடப் பெரிய சங்கடம், வீட்டுக்கு வீடு இருக்கும் விரல் ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் வாங்கியது. ஒன்றுவிட்டு ஒன்று எக்டோபிக் வரும்போது அந்தத் துடிப்பு விரலுக்கு எட்டாமல் போகலாம். அப்போது கருவி பாதியைத்தான் எண்ணும். இதயம் 76 அடித்துக்கொண்டிருக்கும், திரையில் 38 என்று மின்னும். அதைப் படம் பிடித்து நள்ளிரவில் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மயக்கம் வருகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்பேன். ஏதாவது ஒன்று உண்டென்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். இல்லையென்றால் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, காலையில் வந்து ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சிலர் அலமாரியில் வைத்துவிட்டதற்கும் படம் அனுப்புவார்கள்.

அந்த ஆசிரியை அடுத்த வருடம் மறுபடி ஹோல்டருக்கு வந்தார். முதல் முறை டாக்டர் அவருக்குத் திரையைத் திருப்பி, 12.15-ன் பதிவையும் சீரியல் பார்த்த நேரத்துப் பதிவையும் அடுத்தடுத்துக் காட்டியிருந்தார். இடையில் ஆசிரியை மெக்னீசியம் ஆரம்பித்திருந்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்து நடக்கவும் செய்தார். இம்முறை வி.பி.சி. எண்ணிக்கை முந்தைய வருடத்தைவிடச் சற்று அதிகம். எக்கோவில் மாற்றமில்லை. டைரியில் இரண்டே வரி இருந்தது. 'மதியம் 1.30: புளியோதரை. இரவு 9.45: தூங்கப் போகிறேன்.'

"மெக்னீசியத்தை நிறுத்திடலாமா டாக்டர்?" என்று கேட்டார். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, கிட்னியும் நன்றாக இருக்கிறது, நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் இஷ்டம் என்றார் டாக்டர். ஆசிரியை கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும் சார், டப்பால இன்னும் பாதி இருக்கு."